மாடி அறையின் கருப்பு வயர்

ஜூன் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

மாமா உயிரோடு இருக்கிறார். இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று பேனாவை எடுப்பதற்கு முன்பே தீர்மானித்துக்கொண்டேன். இனி மற்றதை நிதானமாகப் படியுங்கள்.

போனில் அம்மா உங்களிடம், "தம்பிக்கு லேசா ஷாக் அடிச்சுது, இப்போ பரவாயில்லை" என்று சொன்னது என் காதில் விழுந்தது. லேசாக இல்லை, அப்பா. தூரத்தில் இருக்கிறவரைக் கலங்கடிக்க வேண்டாம் என்று அம்மா நினைத்திருப்பார். ஆனால் அவர் அப்போது கீழே இருந்தார். பார்த்தது நான். அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் லீவில் வந்தபோது மாடியில் ஓர் அறை எடுத்து, நீங்களே வயரிங் செய்து கொடுத்துவிட்டுப் போனீர்கள் அல்லவா, அங்கே தையல் மிஷினைக் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. கீழே வெளிச்சம் போதாமல் ஊசியில் நூல் கோக்கவே என்னைக் கூப்பிடுகிறார். மிஷின் மோட்டாருக்கு ஜன்னல் பக்கமாக ஒரு பிளக் வேண்டும். மாமாவை விட்டால் யார்? இந்தத் தெருவில் பாதி வீட்டுக்கு அவர்தானே எலக்ட்ரீஷியன். வருகிறேன் என்று சொன்ன நாளுக்கு நான்கு நாள் கழித்து வந்தார். அம்மா முறைத்ததற்கு, "வெளி ஆளுங்க திட்டினா வலிக்குது. அக்கா திட்டினா பழகிப்போச்சு" என்றார்.

மாடியில் சுவிட்ச் போர்டின் மூடியைக் கழற்றினார். இரும்பு ஸ்டூலின் மேல் வெறுங்காலோடு நின்றார். மெயினை நிறுத்தவில்லை. அவருடைய டெஸ்டர் சட்டைப் பையிலேயே இருந்தது. நான் வாசல்படியில் நின்றுகொண்டு, டெஸ்டர் வைத்துப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"வாத்தியாரம்மா, உங்கப்பா போட்ட வயருக்கு நான் டெஸ்டர் வச்சா, அத்தானை நம்பலைன்னு ஆயிடும். லைன் வயரைப் பிடிக்க கட்டிங் பிளேயர் இருக்கு. கருப்பு நியூட்ரல்தானே, அதைக் கையாலயே பிடிக்கலாம்" என்றார்.

பிறகு அவர் வாயை மூடிக்கொண்டு முனகுவது போல ஒரு சத்தம் வந்தது. உடம்பு முழுவதும் நடுங்கியது. மாமா எப்போதும் ஏதாவது கூத்து காட்டுகிறவர் இல்லையா? நான் சிரித்தேன், அப்பா. எத்தனை நொடி என்று தெரியவில்லை. ஒன்றோ இரண்டோ. அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது.

பிடித்து இழுக்கப் போன கையைப் பின்னால் எடுத்துக்கொண்டேன். ஷாக் அடித்தவரைத் தொடாதே, மெயினுக்கு ஓடு என்று நீங்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். படிகளில் இறங்கி ஓடி, அம்மாவைத் தாண்டி, மெயினை இழுத்தேன். மேலே தொப்பென்று விழுகிற சத்தம் கேட்டது. அம்மா, "எதைடி உடைச்சே?" என்று கேட்டார். நான் மறுபடி மாடிக்கு ஓடினேன்.

வலது உள்ளங்கை வெந்துபோயிருக்கிறது. தலையில் ஆறு தையல். இரண்டு விரல்களில் உணர்வு இல்லை. ஒன்றரை நாள் நினைவில்லாமல் கிடந்தார். கண் விழித்ததும், எந்தக் கம்பியைத் தொட்டேன் என்றே ஞாபகம் இல்லை, கவனம் இல்லாமல் லைனில் கை வைத்துவிட்டேன் போல என்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து மின்சார அலுவலகத்துக்குத் தகவல் போய்விட்டது. விசாரணை வருமாம். தவறு மாமாவுடையது என்று ஆனால் அவருடைய லைசென்ஸ் போய்விடும் என்கிறார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். கருப்பைத்தான் தொடப் போகிறேன் என்று அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கருப்பு வயரில் ஷாக் அடிக்குமா, அப்பா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் போடுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
வாத்தியாரம்மா


ஜூன் 14

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

உன் கடிதத்தை வேலை இடத்தில் நின்றபடியே பிரித்தேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை செய்கிறவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். நீ மெயினுக்கு ஓடியிருக்காவிட்டால் உன் அம்மாவுக்கு இன்று தம்பி இல்லை. சிரித்ததை நினைத்து வருந்தாதே. ஓடியதை நினைத்துக்கொள்.

நீ கேட்டதற்குப் பதில். நம் நாட்டில் சிவப்பு லைன், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த். லைனில் மின்சாரம் வரும், நியூட்ரலில் திரும்பிப் போகும். எல்லாம் சரியாக இருக்கும்போது கருப்பு கடிக்காது. நான் இருக்கும் இந்த நாட்டில் கருப்புதான் லைன், வெள்ளைதான் நியூட்ரல். இங்கே கருப்பைக் கண்டால் எங்களுக்குக் கை தானாகவே பின்வாங்கும். பதினோரு வருடம் ஆயிற்று. இருந்தாலும் நம் வீட்டு முறை மறக்குமா? அது தாய்மொழி மாதிரி.

மாடி அறையை நம் முறைப்படிதான் போட்டேன். சிவப்பு, கருப்பு, பச்சை. உன் மாமா பேச்சுச் சுவாரசியத்தில் சிவப்பில் கை வைத்திருப்பான். மெயினை நிறுத்தாமல் போர்டைத் திறந்தவனுக்கு நான் என்ன பரிந்து பேசுவது? நல்லவன்தான், கைதேர்ந்த வேலைக்காரன்தான். கவனம் போதாது. அவனுடைய அக்கா கொடுத்த செல்லம்.

வீட்டுக்காரர் என்ற முறையில் அலுவலகத்துக்கு நான் எழுதிய கடிதம் இதோடு இருக்கிறது. வயரிங் முறைப்படி உள்ளது, விபத்து வேலை செய்தவரின் கவனக்குறைவால் நேர்ந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எழுதவே மனம் வரவில்லை. ஆனால் அடுத்த வருடம் நான் திரும்பி வந்து சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுக்க வேண்டுமானால், காலாவதியான என் லைசென்ஸை அந்த அலுவலகம்தான் புதுப்பித்துத் தர வேண்டும். என் வேலையின் மேல் ஒரு சொல் விழக் கூடாது. அம்மாவிடம் சொல்லி இதைச் சேர்த்துவிடு.

மாமாவை விசாரித்ததாகச் சொல். கோபம் இல்லை என்றும் சொல்.

அப்பா


ஜூன் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் அலுவலகத்துக்கு எழுதியதும் கிடைத்தன. அம்மா இரண்டாவதை என்னிடமே கொடுத்து, பள்ளிக்கூடம் போகிற வழியில் அலுவலகத்தில் சேர்த்துவிடச் சொன்னார். நான் இன்னும் சேர்க்கவில்லை. என்னுடைய அறிவியல் புத்தகத்துக்குள் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் இருந்த மூன்று நிறங்களையும் நோட்டில் படமாக வரைந்தேன். எங்கள் பாடத்திலும் அப்படித்தான் இருக்கிறது. வரைந்த பிறகு நேரில் பார்க்க ஆசை வந்தது. விபத்து நடந்த அன்று பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன் வந்து மாடிக்குப் போகும் ஃபியூஸை மட்டும் பிடுங்கி வைத்துவிட்டு, ஃபியூஸ் பெட்டியின் மூடியை ஒரே ஒரு திருகாணியில் தொங்கவிட்டுப் போயிருந்தார். அதனால் நான் எதையும் திறக்கவில்லை. மெயினை நிறுத்தினேன், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தேன்.

கீழ் வீட்டு வயர்கள் நீங்கள் எழுதியபடியே இருந்தன. ஃபியூஸுக்குச் சிவப்பு போகிறது. நியூட்ரல் கட்டைக்குக் கருப்பு போகிறது. மூன்றாவது ஃபியூஸ் மாடியுடையது. அதிலிருந்து கிளம்புவது கருப்பு, அப்பா. நியூட்ரல் கட்டைக்கு வருவது வெள்ளை. சிவப்பு என்பதே அங்கே இல்லை.

டார்ச் வாயிலிருந்து விழுந்துவிட்டது. எடுத்துத் துடைத்து மறுபடி பார்த்தேன். பிறகு மாடிக்குப் போய், இன்னும் மூடாமல் கிடக்கிற சுவிட்ச் போர்டைப் பார்த்தேன். அங்கேயும் கருப்பு, வெள்ளை, பச்சை. கருப்பு வயரின் தோலுரித்த நுனியில் பழுப்பாக ஏதோ ஒட்டிக் காய்ந்திருந்தது. அது என்ன என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அதன் பிறகு அன்று நான் சாப்பிடவில்லை. அம்மா, பரீட்சை பயம் என்று நினைத்துக்கொண்டார்.

சிவப்பு கிடைக்காத சமயத்தில் இங்கே சிலர் வெள்ளையை லைனாகப் போடுவதுண்டாம். அதை மாமாவிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "ஆனா கருப்பு எப்பவும் கருப்புதான்" என்றார். அப்படியானால் அன்று கருப்பையும் வெள்ளையையும் பார்த்தவர், வெள்ளைதான் லைன், கருப்பைத் தொடலாம் என்றுதானே நினைத்திருப்பார்?

மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு வீட்டுக்காரர்கள் சொல்லியிருந்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். "கரண்டு என்னைப் பிடிச்சுக்கிச்சு, வேலை விட்டுடுச்சு" என்று சிரிக்கிறார். கட்டுப் போட்ட கையால் தம்ளரைப் பிடிக்கத் தெரியாமல் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டு, அதற்கும் சிரிக்கிறார். உங்கள் கடிதத்தில் கோபம் இல்லை என்று எழுதியிருந்ததைச் சொன்னேன். கண் கலங்கி, "அத்தானுக்குப் பெரிய மனசு" என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் அடுத்த மாதம் இருபத்து மூன்றாம் தேதி வருகிறார் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் பார்த்ததில் ஏதோ தவறு இருக்க வேண்டும். என்ன தவறு என்று நீங்களே சொல்லுங்கள். அதுவரை அந்தக் கடிதம் என் புத்தகத்திலேயே இருக்கட்டும்.

அன்பு மகள்,
வாத்தியாரம்மா


ஜூலை 2

அன்பு மகளுக்கு,

முதலில் ஒன்று. ஃபியூஸ் பெட்டிப் பக்கம் இனி நீ போகவே கூடாது. மெயினை நிறுத்தியிருந்தாலும் சரி, கையைக் கட்டியிருந்தாலும் சரி. மாமாவுக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகும் உனக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது?

நீ பார்த்ததில் தவறு இல்லை.

உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்த லீவின் ஒவ்வொரு நாளையும் நினைத்துப் பார்த்தேன். லீவு முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. கடையில் போய் நின்று, கருப்பில் ஒரு சுருள், வெள்ளையில் ஒரு சுருள், பச்சையில் ஒன்று என்று கேட்டேன். கேட்டது என் வாய்தான். இங்கே தினமும் கேட்கிற வாய். கடைக்காரர் பேசாமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து யோசிக்காமல் போட்டேன். கை எதற்குப் பழகியிருந்ததோ அதைச் செய்தது. விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது, எல்லோரும் கைதட்டினீர்கள். தவறான நிறத்திலும் விளக்கு சரியாகத்தான் எரியும். அதுதான் இதில் உள்ள பயங்கரம்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகச் செய். என் இரும்புப் பெட்டியில், கருவிகளுக்கு அடியில் சிவப்பு இன்சுலேஷன் டேப் இருக்கும். மெயினை நிறுத்திவிட்டு, ஃபியூஸ் பெட்டியிலும் மாடி போர்டிலும் கருப்பு வயரின் நுனியில் நான்கு சுற்றுச் சுற்றிவிடு. இறுக்கமாகச் சுற்று. இது ஏமாற்று வேலை இல்லை. வேறு நிற வயரை லைனாகப் போட்டால் சிவப்பு டேப் சுற்றுவது தொழிலில் உள்ள வழக்கம்தான். அன்று நான் செய்திருக்க வேண்டியதை இன்று நீ செய்கிறாய், அவ்வளவுதான். பிறகு அந்தக் கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்துவிடு. அம்மாவிடமும் மாமாவிடமும் எதுவும் சொல்ல வேண்டாம்.

மாமாவுக்கு நான் வேறு வழியில் செய்வேன். ஊருக்கு வந்து காண்ட்ராக்ட் எடுத்தால் அவனைத்தான் முதலில் கூட வைத்துக்கொள்வேன். லைசென்ஸ் இல்லாமலேயே அவனால் என்னிடம் வேலை செய்ய முடியும். ஆனால் என் பெயர் போனால் நான் இங்கேயே கிழவனாக வேண்டியதுதான். உனக்குப் புரியும். நீ படிக்கிற பிள்ளை.

அப்பா


ஜூலை 10

அன்புள்ள அப்பாவுக்கு,

ஃபியூஸ் பெட்டிப் பக்கம் போகவே கூடாது என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் கையை விடு என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் எழுதியவர் ஒரே அப்பாதானா என்று கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

டேப்பை எடுத்தேன். நீங்கள் சொன்ன இடத்திலேயே இருந்தது. அம்மா தையல் துணி கொடுக்கப் போயிருந்தார். மெயினை நிறுத்திவிட்டு, டேப்பின் முனையை நகத்தால் கிளப்பிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்கு சுற்று என்பது அரை நிமிட வேலை. என்னால் முடியவில்லை. பயத்தால் இல்லை, அப்பா. இரண்டு வருடத்துக்கு முன் சுற்றியிருந்தால் அது மாமாவுக்கு எச்சரிக்கை. இப்போது சுற்றினால், எச்சரிக்கை இருந்தும் மாமா தொட்டார் என்று ஆகிவிடும். இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் எழுதினீர்கள் என்பதைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

நீங்கள் சொல்ல வேண்டாம் என்றதை நான் மாமாவிடம் சொல்லிவிட்டேன். டேப் விஷயத்தைச் சொல்லவில்லை. மாடியில் கருப்புதான் லைன் என்பதை மட்டும் சொன்னேன். ஒரு மாதமாக அவர் தன்னைத் தானே திட்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

சொன்னால் அவருக்கு நிம்மதியாக இருக்கும், ஒருவேளை உங்கள் மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. கட்டுப் போட்ட கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்போ நான் கருப்பைத்தான் தொட்டிருக்கேன்" என்றார். குழந்தைக்குத் தொலைந்த பொருள் கிடைத்தது போல அதை மூன்று தடவை சொன்னார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்து, "இதை யார்கிட்டயும் சொல்லாதே. டெஸ்டர் வைக்காதது நான். அத்தான் ஊருக்கு வந்து நிம்மதியா இருக்கட்டும்" என்றார்.

நீங்களும் சொல்லாதே என்கிறீர்கள், அவரும் சொல்லாதே என்கிறார். இரண்டு பெரியவர்களும் ஒன்றாக இருக்கும்போது நான் யார் குறுக்கே வர?

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். உங்கள் முதல் கடிதம் தெரியாமல் எழுதியது. அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். இப்போது தெரியும் இல்லையா? தெரிந்த பிறகு ஒன்று எழுதுங்கள். இந்தக் கடிதம் பதினேழாம் தேதி உங்களுக்குக் கிடைக்கும். அன்றே எழுதி விரைவுத் தபாலில் போட்டால் இருபத்து மூன்றுக்குள் வந்துவிடும். நான் தினமும் தபால்காரருக்காக வாசலில் நிற்பேன்.

அன்பு மகள்


ஜூலை 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று மதியம் வரை நின்றேன். தபால்காரர் எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கையை விரித்தார். இன்ஸ்பெக்டர் மூன்று மணிக்கு வந்தார்.

அவர் ஓர் அம்மா. கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். செருப்பைக் கழற்றாமல் ரப்பர் பாயை விரித்து அதன் மேல் நின்றுதான் ஃபியூஸ் பெட்டியைப் பார்த்தார். மாமா சுவரில் சாய்ந்து நின்றார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூடியை எடுத்ததும் எட்டிப் பார்த்தேன். கருப்பு வயரின் நுனியில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது.

நான் சுற்றவில்லை, அப்பா. நீங்கள் போனில் சொல்லி அம்மா சுற்றியிருப்பாரோ என்று முதலில் நினைத்தேன். இன்ஸ்பெக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, டேப்பை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். அது கோணல் மாணலாக, சின்னப் பிள்ளை பொட்டலம் கட்டியது போல இருந்தது. ஒரு துளித் தூசி இல்லை. அவர் மாமாவின் கட்டுப் போட்ட வலது கையைப் பார்த்தார்.

"இடது கையால சுத்தினதா?" என்று கேட்டார்.

மாமா தலையை ஆட்டினார். விடியற்காலையில், நான் எழுவதற்கு முன், அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் வந்து, ஒற்றைக் கையாலும் பல்லாலும் சுற்றியிருக்கிறார். நான் டேப் விஷயத்தை அவரிடம் சொல்லவே இல்லை. அவருக்கும் தானாகவே அதே யோசனை தோன்றியிருக்கிறது. நீங்கள் இருவரும் ஒரே தொழில்காரர்கள்தான்.

"வயரிங் யார் பண்ணது?" என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்டார்.

"நான்தான் மேடம். ரெண்டு வருஷம் முன்னாடி நான்தான் போட்டேன்."

இதை மாமா கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னார். அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்குத் தெரியும் அல்லவா, நீங்கள் பனியனோடு அந்தச் சுவரைக் குடைந்ததை, தூசியில் தும்மியதை, எல்லாம் அவர் கூட இருந்து பார்த்தவர். அம்மா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, ஆமாம் என்று தலையசைத்தார். அவருடைய சொந்தத் தம்பி, அப்பா.

இன்ஸ்பெக்டரம்மா நோட்டில் எழுத ஆரம்பித்தார். தவறாக வயர் போட்டது, சோதிக்காமல் தொட்டது, விசாரணைக்கு முன் டேப் சுற்றி மாற்றியது, மூன்றும் ஒரே ஆள் என்றால் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கவே கிடைக்காது என்று எழுதியபடியே சொன்னார். மாமா, சரி மேடம் என்றார். பேனா ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"வயரிங் பண்ணது எங்கப்பா" என்றேன்.

"வாயை மூடு" என்றார் அம்மா. சத்தமாக இல்லை. அம்மா என்னிடம் அந்தக் குரலில் இதுவரை பேசியதே இல்லை.

இன்ஸ்பெக்டரம்மா பேனாவை மூடினார். "நீ சொல்லும்மா" என்றார்.

சொன்னேன். நீங்கள் வேலை செய்யும் நாட்டில் கருப்புதான் லைன் என்பதை, கை பழக்கத்தில் போட்டுவிட்டீர்கள் என்பதை, மாமா டெஸ்டர் வைக்காததற்கு என்ன காரணம் சொன்னார் என்பதைச் சொன்னேன். பிறகு, உங்களிடம்கூட நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றையும் சொன்னேன். அன்று மாமா மெயினை நிறுத்தத்தான் போனார். நான்தான் வேண்டாம் என்றேன். உள் அறையில் ஜன்னல் இல்லை. நூலகப் புத்தகத்தில் கடைசி ஏழு பக்கம் பாக்கி இருந்தது. விளக்கை அணைக்காதீங்க மாமா என்று கெஞ்சினேன். சரி வாத்தியாரம்மா என்று விட்டுவிட்டார். பிறகு அவர் வேலை செய்வதைப் பார்க்கும் ஆசையில், புத்தகத்தை அப்படியே வைத்துவிட்டு நானும் மாடிக்கு ஏறிவிட்டேன். மெயினை நிறுத்தாதவனுக்கு என்ன பரிந்து பேசுவது என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, அந்த வரியோடு கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, மறுநாள்தான் மீதியைப் படித்தேன். அந்த ஏழு பக்கத்தை நான் இன்னும் படிக்கவில்லை.

வீட்டுக்காரர் ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று கேட்டார். ஒன்று வந்தது, அது விவரம் தெரியாமல் எழுதியது, அதனால் கொடுக்க மாட்டேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. நீங்கள் டேப் சுற்றச் சொன்னதை நான் சொல்லவில்லை. அவர் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பழைய பக்கத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். மாமா சோதிக்காமல் தொட்டதும் டேப் சுற்றியதும் தப்புதான், அதற்கு எச்சரிக்கை உண்டு, லைசென்ஸ் போகுமா போகாதா என்பது வீட்டுக்காரரின் பதில் வந்த பிறகுதான் முடிவாகும் என்றார். உங்கள் பெயரைக் கேட்டார். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். நீங்கள் வேலை செய்யும் இடத்து முகவரியைக் கேட்டார். அம்மாவுக்கு அது நினைவில் இல்லை. எனக்குத்தான் மனப்பாடம். எத்தனை உறைகளில் எழுதியிருப்பேன்? தபால் பெட்டி எண் உட்பட முழுவதையும் ஒரு தடவை சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பவும் சொன்னேன்.

மாமா போகும்போது என்னோடு பேசவில்லை. வாசலில் மட்டும் நின்று, "அத்தான் இனிமே என்னோட பேசுவாரா?" என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா, சுவரிடம் கேட்டாரா என்று தெரியவில்லை. அம்மா தட்டில் சோற்றைப் போட்டு என் முன்னால் வைக்கிறார். தண்ணீர் வைக்கிறார். அவ்வளவுதான்.

அலுவலகத்திலிருந்து உங்களுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வரும். இன்று அனுப்புவார்களாம். நானும் இதை இன்றே போடுகிறேன். இரண்டும் ஒரே நாளில் வந்து சேர்ந்தால், தயவுசெய்து என்னுடையதை முதலில் பிரியுங்கள்.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 6

அன்பு மகளுக்கு,

இரண்டும் ஒரே நாளில்தான் வந்தன. நீ சொன்னபடி நான் செய்யவில்லை. அவர்களுடையதை முதலில் பிரித்தேன்.

உன்னுடைய ஜூலை பத்தாம் தேதிக் கடிதத்துக்கு நான்கு தடவை பதில் எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் நான் நல்லவனாகவே இருந்தேன். கிழிக்காமல் என்ன செய்வது? இருபத்து மூன்றாம் தேதி இங்கே நான் ஒரு பெரிய கட்டடத்தின் எட்டாவது மாடியில் இருந்தேன். கையில் கருப்பு வயர் இருந்தது. அன்று முழுவதும் என்னால் ஓர் இணைப்புக்கூடக் கொடுக்க முடியவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்துவிட்டேன்.

உன்னுடையதை முதலில் படித்திருந்தால், மகளுக்கு முன்னால் தலைகுனிந்து எழுதியது போல ஆகியிருக்கும். அதனால் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதினேன். போட்டது நான். நிறம் மாற்றியது நான். அப்போது எனக்கு அங்கே செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லை. வயர் முறைப்படிதான் இருக்கிறது என்று முதலில் எழுதிக் கொடுத்ததும் நான், உண்மை தெரிந்த பிறகு டேப் சுற்றச் சொல்லி மகளுக்கு எழுதியதும் நான். கடைசியில் சொன்னதை அவர்கள் கேட்கவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்துதான் உன் உறையைப் பிரித்தேன்.

நீ அங்கே சொன்னதும் நான் இங்கே எழுதியதும் ஒத்துப்போகின்றன, ஓர் இடத்தைத் தவிர. ஏழு பக்கத்துக்காக மெயின் ஓடிக்கொண்டிருந்ததை நான் எழுதவில்லை. தெரிந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். மெயின் ஓடிக்கொண்டிருந்தாலும் நம் நாட்டில் கருப்பைத் தொட்டவன் சாகக் கூடாது. அதற்காகத்தான் அந்த நிறம்.

அம்மாவிடம் நேற்று போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "அவகிட்ட நான் என்னன்னு பேசுவேன்?" என்று கேட்டாள். பேச வராவிட்டால் பக்கத்தில் உட்கார் என்றேன். அவளை நீ கோபிக்காதே. அவள் எனக்காகத்தான் தலையசைத்தாள்.

இனி என் லைசென்ஸைப் புதுப்பித்துத் தர மாட்டார்கள். நவம்பரில் லீவில் வருகிறேன். மாடி அறை வயர் முழுவதையும் உருவிப் புதிதாகப் போட வேண்டும். லைசென்ஸ் உள்ள ஒருவர் கூட இருந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் நான் அங்கே கை வைக்கலாம். என் பதிலைப் பார்த்தால் உன் மாமாவின் லைசென்ஸை விட்டுவிடுவார்கள். வருவாயா என்று அவனுக்கு எழுதியிருக்கிறேன். அது போதாது என்று தோன்றி மறுநாளே இரண்டாவது கடிதமும் போட்டுவிட்டேன். பதில் வருமா என்று தெரியவில்லை.

நீ அவனிடம் எதுவும் கேட்க வேண்டாம். அவன் யோசிக்கட்டும்.

அப்பா